வறுமைக்கு ஒரு சான்று, வசதிக்கு ஒரு சான்று: பிரான்ஸ் பரிமாற்றப் பருவமும் தலித் மாணவர்களும்

செய்யூர் வட்டத்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு தாள்களோடு எங்களிடம் வந்தார். முதல் தாள், இ-சேவை மையத்தில் பெற்ற வருமானச் சான்றிதழ். உப்பள வேலைக்குச் செல்லும் தாய், கூலி வேலை செய்யும் தந்தை ஆகிய இருவரின் ஆண்டு வருமானமும் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாயைத் தொடவில்லை என்று அது கூறியது. அந்தத் தாளைக் காட்டித்தான் மேலாண்மைப் படிப்பிற்கான உதவித்தொகையை அவர் பெற்றுவந்தார். இரண்டாம் தாள், அவர் பயின்ற கல்வி நிறுவனம் அனுப்பிய ஆவணப் பட்டியல். பிரான்சிலுள்ள வணிகப் பள்ளி ஒன்றில் ஒரு பருவம் பயில அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். குடும்பத்தின் வங்கி இருப்பு விவரத்தையும் சொத்து மதிப்புச் சான்றிதழையும் பத்து நாள்களுக்குள் தர வேண்டும் என்று அந்தப் பட்டியல் கேட்டது.

ஒரே குடும்பம், ஓரிடத்தில் தனக்கு ஏதுமில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். மற்றோரிடத்தில் தனக்குப் போதிய சொத்து உண்டு என்று மெய்ப்பிக்க வேண்டும். முதலாவதை அக்குடும்பம் எளிதில் மெய்ப்பித்தது. இரண்டாவது முடியவில்லை. பத்து நாள்கள் கடந்தன. அந்த இடம் தரவரிசையில் அடுத்திருந்தவருக்குச் சென்றது.

இதை ஒரு மாணவியின் தற்செயலான இழப்பாக நாமும் அன்று எடுத்துக்கொண்டோம். பின்னர் அரசாணைகளையும் திட்ட நெறிமுறைகளையும் படித்தபோதுதான், இந்த இழப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது என்பது விளங்கிற்று. இட ஒதுக்கீடு நம் பிள்ளைகளை உயர்கல்வி நிறுவனத்தின் வாயில்வரை கொண்டுசேர்க்கிறது. வாயிலுக்கு உள்ளே இருக்கும் அடுத்தடுத்த கதவுகளைக் குடும்பத்தின் கைப்பணமே திறக்கிறது. பரிமாற்றப் பருவம் அத்தகைய ஒரு கதவு. அது எவ்வாறு இயங்குகிறது, எங்கே அடைபடுகிறது, எவ்வாறு திறக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிமாற்றப் பருவம் என்பது என்ன?

ஓர் இந்தியக் கல்வி நிறுவனமும் ஓர் அயல்நாட்டுக் கல்வி நிறுவனமும் உடன்பாடு செய்துகொள்கின்றன. இங்கிருந்து சில மாணவர் அங்கு சென்று ஒரு பருவம் பயில்வர். அங்கிருந்து சிலர் இங்கு வருவர். அங்கே தேறிய பாடங்களின் மதிப்பலகுகள் இங்குள்ள பட்டத்தில் சேர்க்கப்படும். பட்டத்தை வழங்குவது சொந்த நிறுவனமே. கல்விக் கட்டணத்தையும் சொந்த நிறுவனத்திற்கே செலுத்துகிறோம்; அயல்நாட்டுப் பள்ளி தனியே கட்டணம் வாங்குவதில்லை.

பிரான்சின் வணிகப் பள்ளிகள் இந்திய மேலாண்மை நிறுவனங்களோடு இத்தகைய உறவை நெடுங்காலமாகப் பேணிவருகின்றன. 1819இல் தொடங்கப்பட்ட ஈ.எஸ்.சி.பி., 1881இல் தொடங்கப்பட்ட ஹெச்.இ.சி. பாரிஸ், 1907இல் தொடங்கப்பட்ட எசெக் ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. அகமதாபாத் ஐ.ஐ.எம். எசெக்குடன் இரட்டைப் பட்டத் திட்டமே நடத்திவந்துள்ளது. ஹெச்.இ.சி. நிறுவன உறுப்பினராக இருக்கும் செம்ஸ் என்ற பன்னாட்டுக் கல்விக் கூட்டணியில் இந்தியாவிலிருந்து இடம்பெற்றது கல்கத்தா ஐ.ஐ.எம். தனியார் மேலாண்மைக் கல்லூரிகள் பலவும் பிரான்சின் வெவ்வேறு பள்ளிகளோடு உடன்பாடு வைத்துள்ளன.

இரண்டாண்டு மேலாண்மைப் படிப்பில் இந்தப் பரிமாற்றம் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் அமைகிறது. விருப்பம் தெரிவித்த மாணவர்களை முதலாண்டு மதிப்பெண், நேர்காணல் ஆகியவற்றின் அடிப்படையில் வரிசைப்படுத்தி நிறுவனங்கள் இடம் ஒதுக்குகின்றன. வரிசையில் இடம் கிடைத்த பின்னர்தான் பணத்தின் கேள்வி எழுகிறது.

கட்டணமில்லை, ஆனால் செலவுண்டு

‘கல்விக் கட்டணம் இல்லை’ என்ற சொல் நம் பெற்றோருக்குப் பெரும் நிம்மதி தருகிறது. விமானப் பயணம், விசா, காப்பீடு, தங்குமிடம், உணவு ஆகியவை அனைத்தும் மாணவரின் பொறுப்பு என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

பிரான்சுக்கான நீண்டகால மாணவர் விசாவிற்கு மாதம் 615 யூரோ வீதம் செலவழிக்கும் வசதி இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது பல ஆண்டுகளாக நிலவும் அளவுகோல். ஒரு யூரோவை ஏறத்தாழ 100 ரூபாய் எனக் கொண்டால், மாதத்திற்கு 61,500 ரூபாய். நான்கு மாதப் பருவத்திற்கு 2,46,000 ரூபாய். இது விசா அலுவலர் ஏற்கும் கீழ்வரம்பு மட்டுமே. பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஓர் அறையின் வாடகையே இத்தொகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அறைகலன்களோடு வாடகைக்கு விடப்படும் வீட்டிற்கு இரண்டு மாத வாடகைவரை முன்பணம் கேட்கப் பிரெஞ்சுச் சட்டம் இடமளிக்கிறது. விமானக் கட்டணத்தையும் சேர்த்து நாங்கள் கணக்கிட்டவரை, சிக்கனமாக வாழும் மாணவருக்கும் ஒரு பருவத்திற்கு நான்கு முதல் ஐந்து லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது.

பணத்தைச் சேர்ப்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உறவினர்களிடம் கைமாற்று வாங்கி ஒரே நாளில் வங்கிக் கணக்கில் போட்டால் அது ஐயத்திற்கு இடமாகும். பல மாதங்களாகக் கணக்கில் புழங்கிய பணத்தையே அலுவலர்கள் பெரிதும் மதிக்கின்றனர். நாள்கூலியில் வாழும் வீட்டில் பணம் வங்கியில் தங்குவதே இல்லை. வந்த அன்றே அரிசியாகவும் மருந்தாகவும் வட்டியாகவும் வெளியேறிவிடுகிறது.

திட்டங்கள் எங்கே நின்றுவிடுகின்றன?

தலித் மாணவர்களின் உயர்கல்விக்கென ஒன்றிய, மாநில அரசுகளின் திட்டங்கள் பல உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஒன்றிய அரசின் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வித் திட்டம். ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி., தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றில் பயில்வோருக்கு இது கல்விக் கட்டணத்தை ஏற்கிறது. அதோடு வாழ்க்கைச் செலவு, புத்தகம், கணினி ஆகியவற்றிற்கென முதலாண்டில் 86,000 ரூபாயும் அடுத்தடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாயும் தருகிறது. பரிமாற்றம் நிகழ்வது இரண்டாம் ஆண்டில் என்பதை நினைவில் கொள்க. அந்த ஆண்டு முழுமைக்கும் அரசு தரும் 41,000 ரூபாய், பிரான்ஸ் விசாவுக்கு ஒரே மாதத்திற்குக் காட்ட வேண்டிய 61,500 ரூபாயைவிடக் குறைவு.

இரண்டாவது, 1954-55 முதல் நடைமுறையிலிருக்கும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை. இது முழு முதுகலைப் பட்டத்திற்கும் முனைவர் பட்டத்திற்கும் உரியது. இந்தியப் பட்டத்தின் ஒரு பகுதியாகச் செல்லும் பருவம் இதில் அடங்காது. ஆண்டுக்கு 125 இடங்கள்; அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். க்யூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள நிறுவனத்தில் இடம் பெற்றிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை வணிகப் படிப்பில் தனியொரு தடையாகிறது. அந்தப் பொதுத் தரவரிசை பல துறைகள் கொண்ட பல்கலைக்கழகங்களுக்கானது. வணிகத்தை மட்டுமே கற்பிக்கும் ஹெச்.இ.சி., எசெக் போன்றவை உலகளவில் எவ்வளவு புகழ்பெற்றிருந்தாலும் அதில் இடம்பெறுவதில்லை. ஆகவே ஒரு பருவத்திற்கு மட்டுமன்று, முழுப் பட்டத்திற்கும் இவ்வழி நமக்கு ஏறத்தாழ அடைபட்டே இருக்கிறது.

இத்திட்டத்தின் அண்மைக்கால வரலாறும் ஊக்கமளிப்பதாக இல்லை. 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை குறித்த ஆய்வுகள் நீக்கப்பட்டன. சாதி குறித்துக் கொலம்பியாவில் 1916ஆம் ஆண்டு கட்டுரை வாசித்த அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் அந்தப் பொருளில் அவருக்கு உதவி கிடைக்காது. 2025-26ஆம் ஆண்டிற்கு 106 பேர் தேர்வாகியிருந்தும், நிதி இருப்பைக் காரணம் காட்டி முதலில் 40 பேருக்கே தற்காலிக ஆணை வழங்கப்பட்டது.

மூன்றாவது, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்வரை உள்ளோருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய்வரையும், 8 முதல் 12 லட்சம்வரை உள்ளோருக்கு 24 லட்சம் ரூபாய்வரையும் தரும் இத்திட்டம் மனமுவந்து பாராட்டத்தக்கது. இதன் பார்வையும் முழுப் பட்டத்தின் மீதே நிற்கிறது.

நான்காவது, மெட்ரிக் பின்படிப்பு உதவித்தொகை. இது இந்தியாவுக்குள் பயில்வதற்கு உரியது.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அரசு இரண்டு வகை மாணவர்களையே காண்கிறது: உள்நாட்டில் பயில்பவர், அயல்நாட்டில் பட்டம் பெறுபவர். உள்நாட்டுப் பட்டத்திற்காக நான்கு மாதம் அயல்நாட்டில் பயிலும் மாணவர் இவ்விரு கண்களுக்கும் படுவதில்லை.

‘இது ஒரு சொகுசு அல்லவா?’

நம் தோழர்களே எழுப்பும் கேள்வி இது. மலக்குழியில் மனிதர் இறந்துகொண்டிருக்கும் நாட்டில், விடுதிகளில் நல்ல சோறு கிடைக்காத மாநிலத்தில், பாரிசில் ஒரு பருவம் என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவது இடம்? கேள்வி நியாயமானது; பதிலும் தெளிவாக இருக்க வேண்டும்.

பரிமாற்றப் பருவம் சுற்றுலாவாக இருந்தால் அதை மதிப்பலகாகக் கணக்கிட்டுப் பட்டச் சான்றிதழில் சேர்க்க மாட்டார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் வேலைக்கு ஆளெடுக்கும்போது அயல்நாட்டில் பயின்ற அனுபவத்தைத் தகுதியாக எண்ணுகின்றன. அங்கே உருவாகும் நட்பு வட்டம் பின்னாளில் வேலையாகவும் முதலீடாகவும் திரும்பி வருகிறது. ஒரே வகுப்பில், ஒரே பட்டத்தில், ஒரு பகுதியினருக்கு இது கிடைத்து மற்றொரு பகுதியினருக்குக் கிடைக்காதபோது, படிப்பு முடியும் நாளில் இருவரின் தகுதியும் வேறுவேறாகக் காட்டப்படும். பிறகு அந்த வேறுபாட்டையே ‘திறமைக் குறைவு’ என்பார்கள்.

அம்பேத்கரின் வாழ்வை நாம் எழுச்சியோடு நினைவுகூர்கிறோம். அதிலுள்ள பணக் கணக்கை மறந்துவிடுகிறோம். 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 11.5 பவுண்டு உதவியால் அவர் நியூயார்க் சென்றார். உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சொந்தச் சேமிப்போடும், கோலாப்பூர் சாகு மகாராஜா, நண்பர் நவல் பதேனா ஆகியோரின் உதவியோடும் 1920இல்தான் மீண்டும் செல்ல முடிந்தது. அத்தகைய அறிவாளியையே பணம் மூன்றாண்டு காக்க வைத்தது. செய்யூர் மாணவிக்குக் கிடைத்ததோ பத்து நாள்.

நிலம் ஏன் பிணையாகவில்லை?

அந்த மாணவியின் குடும்பத்திற்குச் சிறிதளவு நிலம் உண்டு. அரசு ஒப்படை செய்த நிபந்தனை நிலம் அது. சொத்து மதிப்புச் சான்றிதழுக்கு அதைக் கணக்கில் கொள்ள இயலாது என்ற பதிலே கிடைத்தது. இதன் வேர் இம்மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் இப்பகுதித் தலித் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஒப்படைக்கான ஆணை பிறந்தது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரைத் தவிரப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். நிலம் பிறர் கைக்குப் போய்விடாமல் காக்கவே இந்த ஏற்பாடு. ஆயினும் நிலம் போய்க்கொண்டே இருந்தது. அதை மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தின்போது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

பறிபோகாமல் எஞ்சிய நிலத்திற்கும் சந்தையில் ஒரு தண்டனை உண்டு. எவருக்கு வேண்டுமானாலும் ஏலம் விட முடியாத நிலத்தை வங்கி பிணையாக ஏற்க விரும்புவதில்லை. நம்மைக் காக்க எழுதப்பட்ட நிபந்தனையே, சொத்துடையவர் என்ற தகுதியிலிருந்து நம்மை விலக்குகிறது. இதற்குத் தீர்வு நிபந்தனையை நீக்குவதாகாது. நீக்கினால் எஞ்சியதும் போய்விடும். கல்விக்கு நிலத்தைப் பிணையாகக் கேட்கும் வழக்கத்தையே கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிடைத்த பத்து நாள்களையும் அந்தச் சான்றிதழுக்காக அலைவதிலேயே செலவிட்டோம். நான்கு லட்சம் ரூபாய்வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டமும் அதையே கூறுகிறது. படிப்பை முடிக்கத் தேவையான கல்விப் பயணச் செலவையும் கடனில் சேர்க்க அது இடமளிக்கிறது. வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் விசாவிற்கு நிதிச் சான்றாகவும் பயன்படும். முதல் நாளே ‘சொத்து மதிப்புச் சான்றிதழ் எதற்கு? கடன் ஒப்புதல் கடிதம் போதாதா?’ என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். சட்டம் படித்த நாமே கேட்கவில்லை.

சட்டம் எங்கே மௌனமாகிறது?

2006ஆம் ஆண்டின் ஒன்றியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இட ஒதுக்கீடு) சட்டம், பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும் இடம் ஒதுக்குகிறது. அச்சட்டம் பேசுவது சேர்க்கையைப் பற்றி. பரிமாற்றத்திற்கான தேர்வு புதிய சேர்க்கை ஆகாது. ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களுக்குள் நடக்கும் பகிர்வு. எனவே அது சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் தடுக்கிறது என்று பொருளன்று. அரசமைப்பின் 15(4)ஆம் உறுப்பு பட்டியல் சாதியினரின் முன்னேற்றத்திற்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 46ஆம் உறுப்பு அவர்களின் கல்வி நலனைத் தனி அக்கறையோடு பேணச் சொல்கிறது. பரிமாற்ற இடங்களில் ஒரு பகுதியை ஒதுக்கவும், தேர்வான தலித் மாணவரின் பயணச் செலவை நிறுவனமே ஏற்கவும் இன்றே வழியுண்டு. இல்லாதது விருப்பம்.

கடல் கடந்தும் தொடரும் சாதி

பணம் கிடைத்துச் சென்ற மாணவருக்கும் சிக்கல் முடிந்துவிடுவதில்லை. பரிமாற்ற மாணவர்கள் பெரும்பாலும் தம் வகுப்புத் தோழர்களோடு குழுவாகவே செல்கின்றனர். வாடகையைப் பகிர ஒரே வீட்டில் தங்குகின்றனர். சமையலறையில் என்ன சமைக்கலாம், யாரோடு யார் அறையைப் பகிர்வது என்ற பேச்சுகளில் ஊர்ச் சாதி திரும்பி வருகிறது. கடவுச்சீட்டின் முகவரியில் ‘காலனி’ என்ற சொல் இருந்தால் விசாரணையும் தேவையில்லை. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்தது இந்தக் காரணத்தாலும் வரவேற்கத்தக்கது.

செய்யூருக்கு அருகே, மதுராந்தகம் பகுதியின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் பயின்றபோது, நெருங்கிப் பழகினால் தம் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி, வகுப்பு மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே தனித்திருந்ததைத் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பாரிசின் புறநகர் அறை ஒன்றில் தன் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கும் மாணவரும் அதே வாசலில்தான் நிற்கிறார்.

பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் பாகுபாட்டுத் தடைப் பிரிவில் ‘சாதி’ என்ற சொல் இல்லை. எனினும் ‘பிறப்பு மூலம்’, பொருளாதார நிலையால் வரும் நலிவு ஆகியவை தடைசெய்யப்பட்ட அடிப்படைகளாக அதில் உள்ளன. உரிமைகள் பாதுகாவலர் என்ற அரசமைப்பு நிலை அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். சாதி என்றால் என்னவென்று அறியாத அலுவலரிடம் அதை விளக்க வேண்டியிருக்கும். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது; அதற்கு முன் அங்கும் யாரோ சிலர் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள்.

இன்றுள்ள வழிகள்

திட்டங்கள் திருத்தப்படும்வரை காத்திருக்க முடியாத மாணவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. முதலாண்டு தொடங்கியதுமே கடவுச்சீட்டிற்கு விண்ணப்பியுங்கள். தேர்வு அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் காலம் போதாது.

2. உங்கள் கல்லூரிக்கும் பிரெஞ்சுப் பள்ளிக்கும் இடையே எராஸ்மஸ் பிளஸ் உடன்பாடு உண்டா என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நிதியளிக்கும் இத்திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு மாதம் 800 யூரோவுக்குக் குறையாத உதவியும் பயணப் படியும் உண்டு. ‘வாய்ப்புகள் குறைந்தோர்’ என்ற பிரிவினருக்கு மாதம் 250 யூரோ கூடுதலாகக் கிடைக்கும். அந்தப் பிரிவின் விளக்கத்தில் பொருளாதாரத் தடையும் பாகுபாடும் அடங்கும். அதன்கீழ் உரிமை கோரத் தயங்காதீர்கள்.

3. பிரெஞ்சுத் தூதரகத்தின் சார்பாக் உதவித்தொகையில் பரிமாற்ற மாணவருக்கான பிரிவு இருந்து வந்துள்ளது. அவ்வாண்டின் அறிவிப்பைக் கேம்பஸ் பிரான்ஸ் அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

4. தங்கும் காலம் 90 நாளைத் தாண்டுமா என்று பாருங்கள். தாண்டினால் நீண்டகால மாணவர் விசா. அதில் ஆண்டுக்கு 964 மணி நேரம்வரை வேலை செய்யலாம். 90 நாளுக்குள் முடியும் குறுகியகால விசாவில் இந்த உரிமை இல்லை. வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கையில் புறப்படுவோர் இதை முதலில் அறிய வேண்டும்.

5. பிரான்சில் வீட்டு உரிமையாளர்கள் அந்நாட்டில் வருமானமுள்ள ஒருவரைப் பிணையாளராகக் கேட்பது வழக்கம். நீண்டகால மாணவர் விசா பெற்ற, 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘விசால்’ என்ற திட்டம் கட்டணமின்றி அந்தப் பிணையைத் தருகிறது. பள்ளியின் விடுதி அறைக்கும் முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

6. நான்கு லட்சம் ரூபாய்க்குள் கேட்கும் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்டால், மறுப்பை எழுத்தில் பெறுங்கள். முப்பது நாளில் வங்கி தீர்வு தராவிடில் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

நாம் கேட்க வேண்டியவை

2024 ஜனவரியில் இந்தியா வந்த பிரெஞ்சு அதிபர் மக்ரோன், 2030க்குள் 30,000 இந்திய மாணவர்கள் தம் நாட்டில் பயில வேண்டும் என்ற இலக்கை அறிவித்தார். இரு அரசுகளும் அதைக் கொண்டாடின. அந்த 30,000 பேரில் சேரியிலிருந்து எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை. செய்யூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரிரு மணி நேரத்தில் புதுச்சேரியின் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தை அடைந்துவிடலாம். இதே வட்டத்தின் ஆலம்பரைக் கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் இங்கு வர எவரிடமும் சொத்து மதிப்புச் சான்றிதழ் காட்டவில்லை.

நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வித் திட்டம், பட்டத்தின் பகுதியாக அமையும் பரிமாற்றப் பருவத்தின் பயண, வாழ்க்கைச் செலவை ஏற்க வேண்டும்.

இரண்டு, தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் குறுகியகாலப் பிரிவு ஒன்று தொடங்கப்பட வேண்டும். ஒரு மாணவருக்கு ஓராண்டிற்கு அத்திட்டம் ஒதுக்கும் உச்சத் தொகையான 36 லட்சத்தில் ஏழு மாணவர்கள் ஒரு பருவம் பயின்று திரும்பலாம். முழுப் பட்டத்திற்கான நிதியைக் குறைக்காமல், 2024இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழ்வரும் நிதியிலிருந்து இதற்குத் தனியே ஒதுக்கலாம். செலவழித்தபின் திருப்பித் தரும் முறை நமக்கு உதவாது. விசாவுக்கு முன்பே ஒப்புதல் கடிதமும் பயணத்துக்கு முன்பே பணமும் வர வேண்டும்.

மூன்று, கல்வி நிறுவனங்கள் சொத்து மதிப்புச் சான்றிதழ் கேட்பதைக் கைவிட்டு, தாமே நிதிப் பொறுப்புக் கடிதம் வழங்க வேண்டும்.

நான்கு, கடந்த ஐந்தாண்டுகளில் பரிமாற்றத்திற்கு விண்ணப்பித்தோர், தேர்வானோர், தேர்வாகியும் செல்லாமல் விட்டோர் ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் சமூகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். மூன்றாவது எண்தான் முதன்மையானது. செய்யூர் மாணவி அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார். இன்றுவரை எவரும் அதை எண்ணவில்லை.

நான்காவது கோரிக்கைக்கு அரசின் அனுமதி தேவையில்லை. அரசு நிறுவனத்தில் பயிலும் எந்த மாணவரும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில், இம்மூன்று எண்களையும் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். பதில் வந்தால் அது நம் முதல் ஆவணம்; வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. இதைப் படிக்கும் மாணவர்கள் இவ்வாரமே அந்த விண்ணப்பத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.